ஜினெட் அமுக்கிப் பார்க்கும் கார்கள்

முன்சக்கரத்துக்கு மேலே, தகரத்தின் மீது இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடம்பின் மொத்த பாரத்தையும் போட்டு ஓர் அமுக்கு. சட்டென்று கையை எடுத்துவிட்டு, வண்டி எத்தனை முறை ஆடுகிறது என்று தலையைச் சாய்த்து எண்ணுவார். “ஒண்ணு... ஒண்ணரை. நல்ல வண்டி.” மளிகைக்கடை வாசலில் நிற்பது யாருடைய காராக இருந்தாலும் ஜினெட் பெல்த்யே அனுமதி கேட்பதில்லை. பூசை முடிந்து வெளியே வந்த பாதிரியாரிடம், “ஃபாதர், உங்க வண்டி ஷாக் அப்சார்பர் செத்து ஆறு மாசம் ஆச்சு. இன்னும் அடக்கம் பண்ணாம வச்சிருக்கீங்களே!” என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். என் காரை அமுக்கியபோது அது நாலு முறை ஆடியது. “தம்பி, இது கார் இல்ல, படகு” என்றார். அன்றிலிருந்து அவர் வருவது தெரிந்தால் நான் நாலு வண்டி தள்ளி நிறுத்துகிறேன்.

ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முடி உதிராமலிருக்க அங்கே போடும் வலைத்தொப்பியைக் காருக்கு அடியில் படுக்கும்போதும் கழற்றுவதில்லை. அமெரிக்காவின் இந்த மெய்ன் மாநிலத்தில் பனி உருக ஐந்து மாதம் சாலைக்கு உப்புத் தூவுவதால், எந்தக் காரின் அடிவயிற்றைப் பார்த்தாலும் துருதான். அந்தத் துருவேறிய போல்ட்டுகளோடு ஜினெட் பிரெஞ்சில் மட்டுமே பேசுவார். திட்டுவதற்குத் தாய்மொழிதான் சரிப்படும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் மாற்றுக்கருத்து கிடையாது.

சென்ற ஏப்ரலில் அவருடைய கார்தான் படகாகியிருந்தது. முப்பது வருடம் மர லாரி ஓட்டிய கணவர் ஆர்மண்டுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து இரண்டு மாதம். பதினைந்து நாளுக்கொரு முறை அறுபது மைல் தாண்டி பேங்கர் மருத்துவமனைக்குப் போகவேண்டும். மண்ணுக்கடியில் உறைந்த பனி சாலையைத் தூக்கிவிட்ட மேடுகள் வழியெங்கும். போன தடவை பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியவர், சாலையோரம் நின்று அழுதிருக்கிறார். “இனிமே நான் வரல. முதுகு இப்படியே இருந்துட்டுப் போகட்டும்.” ஜினெட் கெஞ்சியதில் ஒரே ஒரு தடவைக்கு இறங்கிவந்தார்: வரும் திங்கட்கிழமை. “அன்னிக்கும் தூக்கிப்போட்டுச்சுன்னா, அதுதான் கடைசி, சொல்லிட்டேன்.” மறுநாளே பெல்த்யே வீட்டு வாசலில் நாலு புது ஷாக்குகள் வந்து இறங்கின.

உதவட்டுமா என்று கேட்டேன். பதினோரு வருடமாக இந்த ஊர்க்காரர்களைத் தெரிந்தவன். “வேண்டாம், பரவாயில்ல” என்ற பதில் நிச்சயம் என்ற தைரியத்தில் கேட்டது. “சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு வா” என்றார்.

நான் இயந்திரவியல் பட்டதாரி. கோயம்புத்தூரில் ஸ்ப்ரிங்கின் விதியைப் படத்தோடு எழுதி எண்பத்திரண்டு வாங்கியவன். அதன் பிறகு ஸ்ப்ரிங்கை நான் சந்தித்தது பேனாவுக்குள் மட்டும். சுருக்கிவைத்த கார் ஸ்ப்ரிங் விடுபட்டால் ஆளையே கொல்லும் என்று முந்தின நாள் மூன்று இடங்களில் படித்துவிட்டு, சைக்கிள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போனேன்.

கராஜுக்குத் திறக்கும் சமையலறைக் கதவில், நடைச்சட்டத்தைப் பிடித்தபடி ஆர்மண்ட் நின்றிருந்தார். உட்கார்ந்தால் வலிக்கும் என்பதால் நாள் முழுக்க அவருக்கு நிற்கும் வேலைதான். “அடியே ஜினெட், விண்வெளிக்கு ஆள் எடுக்கறாங்களா என்ன?”

“சும்மா இரு. புள்ள ஆசையா மாட்டிட்டு வந்திருக்கு.”

பின்பக்கம் இரண்டும் பத்து மணிக்குள் முடிந்துவிட்டன. என் பங்கு, கேட்ட ஸ்பேனரைத் தருவது. கேட்டது வந்தது பாதி தடவை. முன்பக்கத்தில் ஷாக்கைச் சுற்றியிருக்கும் ஸ்ப்ரிங்கை இறுக்கிச் சுருக்க, உதிரிபாகக் கடையில் இரவலாகக் கொடுக்கும் இரண்டு இரும்புக் கொக்கிகளை மாட்டி, ஜினெட் இதில் ஒரு சுற்று, அதில் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றித் திருகினார். நான் மான்கறி நிரம்பிய உறைபெட்டிக்குப் பின்னால் இருந்தபடி ஊக்கமளித்தேன்.

“எங்கடி உன் ஆளு?” என்றார் ஆர்மண்ட்.

“பெட்டிக்குப் பின்னால. மான் தப்பிச்சுப் போகாமப் பாத்துக்கறாரு.”

வெட்கமாகிவிட்டது. ஏதாவது ஒன்றை உருப்படியாகச் செய்யவேண்டும் என்று, கழற்றிவைத்த போல்ட்டுகளையும் சக்கரத்தைத் தாங்கும் இரும்பையும் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பிரேக்கைச் சுத்தம் செய்யும் அந்த நாற்றமடிக்கும் ஸ்ப்ரேயை அடித்து அடித்துத் துடைத்தேன். எங்கள் வீட்டுப் பித்தளைகூட அவ்வளவு பளபளத்ததில்லை. ஜினெட் புது ஷாக்கைப் பொருத்தக் குனிந்தவர், போல்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதுல செவப்பா ஒரு கோடு இருந்துச்சே?”

“அழுக்குன்னு நெனச்சு... கஷ்டப்பட்டுதான் போச்சு.”

அது நகப்பூச்சு. மேல் போல்ட்டை எந்த அளவுக்குத் திருப்பி வைக்கிறோமோ அந்த அளவுக்குச் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும். பழைய இடம் தெரியவேண்டும் என்று, கழற்றும் முன் அவர் போட்டுவைத்த அடையாளம். சாய்வு தப்பினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மேடு பள்ளத்தில் அதை இழுத்துப் பிடித்தே ஓட்டவேண்டும். சக்கரம் நேர்செய்யும் கடையில் வியாழன் வரை இடமில்லை.  ஆர்மண்ட் கிண்டலை விட்டுவிட்டுச் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

ஜினெட் நெற்றியைப் புறங்கையால் துடைத்தார். “உன்ன எங்க ஸ்கூல் சமையலறைல விட்டா பாத்திரமெல்லாம் கண்ணாடியா இருக்கும். சூப்புதான் இருக்காது.” பிறகு கதவைப் பார்த்து, “ஆர்மண்ட்! உன் தூண்டில் பெட்டி எங்க?”

தூண்டில் நரம்பின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி, சக்கரத்தின் வெளிப்பக்கத்தை ஒட்டித் தொங்கவிட்டார். ஆடாமல் நின்ற நரம்புக்கும் சக்கரத்தின் மேல் விளிம்புக்கும், கீழ் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பார்த்தார். இன்னும் கைவைக்காத மறுபக்கச் சக்கரத்தையும் அப்படியே அளந்து, இதை அதற்குச் சமமாகக் கொண்டுவருவது திட்டம். ஒவ்வொரு முறையும் போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் திருப்பி, இறுக்கி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டினால்தான் சக்கரம் தன் நிலைக்கு வரும். உருட்டியவன் நான். ஏழு முறை. ஆறாவது முறையில் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தேன். உள்ளே குளமாக இருந்தது. ஏழாவது அளவைப் பார்த்து ஜினெட், “மயிரிழைதான் வித்தியாசம்” என்றார். மறுபக்கத்துப் போல்ட்டைக் கழற்றும் முன் கோடு போட்டதும் அந்த ஸ்ப்ரே டப்பாவைத் தூக்கி உயர அலமாரியில் வைத்தார்.

திங்கள் வரை பொறுக்க அவரால் முடியவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆர்மண்டை முன் இருக்கையில் சாய்த்துப் படுக்கவைத்தார். தப்புச் செய்தவன் என்பதால் நானாகவே பின்னால் ஏறிக்கொண்டேன். நேர்சாலையில் ஜினெட் ஸ்டீயரிங்கில் பிடியை லேசாகத் தளர்த்திப் பார்த்தார். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால், சாலையை முழங்கால் போலத் தூக்கிக்கொண்டு ஒரு மேடு. ஆர்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார். மேடு நெருங்க நெருங்க ஜினெட்டின் வலக்கை ஸ்டீயரிங்கை விட்டு நீண்டு, ஆர்மண்டின் மார்புக்குக் குறுக்கே தடுப்புக்கட்டைபோல் நின்றது. குழந்தையை முன்னால் உட்காரவைத்த அம்மாக்கள் பிரேக் போடும்போது நீட்டுவார்களே, அப்படி.

டுப். ஒரே ஒரு சத்தம். வண்டி ஏறி, இறங்கி, அடங்கியது.

ஆர்மண்ட் ஒரு கண்ணைத் திறந்தார். “எங்க அந்த மேடு?”

“தாண்டியாச்சு.”

“பொய் சொல்லாத.”

ஜினெட் பாலத்துக்கு அந்தப் பக்கம் படகுக்கடை வாசலில் வண்டியைத் திருப்பி, வந்த வழியே அதே மேட்டை நோக்கிக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினார். இந்த முறை அவருடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன.