டேப் தீர்ந்த இடம்

ஷேர் ஆட்டோவில் எனக்கு எப்போதும் ஸ்பீக்கருக்குப் பக்கத்து இடம்தான் வாய்க்கும். அன்றும் அவனியாபுரத்தில் ஏறியதிலிருந்து காது அதிர்ந்தது. இப்போது வந்திருக்கும் பாட்டு. யாரோ ஒரு பையன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகிறான். அவன் குரலுக்கு அடியில் ஓடிய வயலினை மட்டும் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. எனக்குக் கல்யாணமான புதிதில் வந்த பாட்டின் இடையிசை. நேற்று வைத்த மீன்குழம்பைச் சுட வைத்துப் புதுத் தட்டில் பரிமாறுகிறார்கள். ருசி குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது பாட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் அம்மா அடுப்படியில் ஓடவிட்ட கேசட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே, வேறு எங்கிருந்து எடுப்பார்கள்?

பேச்சு ஓய்ந்ததும் பழைய பாடகியின் குரலே சரணத்தைத் தொடங்கியது. நானும் கூடவே முணுமுணுத்தேன். இரண்டாம் சரணத்தின் பாதி வரியில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. பாடகி பாடிக்கொண்டே போனார்.

"ஏன் ஆன்ட்டி நிறுத்திட்டீங்க? நல்லா பாடுனீங்களே" என்றாள் பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்.

"எனக்கு அம்புட்டுத்தாம்மா தெரியும்" என்றேன்.

உண்மைதான். என் வீட்டுக்காரர் கடையில் கேசட் பதிவு செய்யக் கொடுத்தபோது நானும் கூட நின்றேன். ஒரு பக்கம் கிட்டத்தட்ட நிறைந்த பிறகும் இந்தப் பாட்டையும் போட்டே தீர வேண்டும் என்றார்.

"டேப் பத்தாது, பாதியில நின்னுரும்ணே" என்றார் கடைக்காரர்.

"நின்னா நின்னுட்டுப் போகுது, போடுங்கண்ணே."

அப்படியே நின்றது. பாதி வரியில் 'டக்' என்று பட்டன் எகிறும். குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, உள்ளேயிருந்து "திருப்பிப் போடு" என்று குரல் கொடுப்பார். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எரிச்சலோடு ஓடுவேன். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டுக்கு முடிவே அதுதான்.

அவர் போய் மூன்று பொங்கல் ஆகிவிட்டது. ஊரே அந்தப் பாட்டை முழுதாகப் பாடுகிறது. பாதியில் நிற்கிற ஆள் இனி நான் ஒருத்திதானா என்ற நினைப்பிலேயே இறங்க வேண்டிய நிறுத்தத்தைக்கூட விட்டுவிட்டேன்.

சென்னையிலிருக்கும் மகன் சாயங்காலம் போன் செய்தான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வைக்கட்டுமா. அவன் பேச்சு அவ்வளவுதான். வைப்பதற்குள் கேட்டேன்.

"அந்தப் புதுப் பாட்டு கேட்டியாடா? நம்ம கேசட்டுல இருந்தத எடுத்துப் போட்டிருக்கான்."

"ஆபீஸ்ல நாள் பூரா அதான்மா ஓடுது" என்றவன் பாடவே ஆரம்பித்துவிட்டான். அப்பா மாதிரியே சுருதி சேராத குரல். இரண்டாம் சரணம் வந்தது. பாதி வரியில் நிறுத்தினான். நாக்கால் 'டக்' என்றான்.

பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த இடத்தில் பேச வேண்டியவர் அவர்.