இன்ஜின் மேல் ஓர் இடம்

நான் குடியிருக்கும் ஜெர்மன் ஊரில், ஒரு காரில் ஐந்து இருக்கை என்றால் ஐந்து பேர்தான் போவார்கள். ஒருமுறை கடற்கரைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு ஹெல்காவையும் அவர் கணவரையும் கூப்பிட்டேன். நாங்களே நான்கு பேர். நெருக்கி உட்காரலாம் என்று பின் சீட்டைத் தட்டிக் காட்டினேன். எனக்குக் கணக்கு வராது என்று நினைத்தாரோ என்னவோ, ஹெல்கா எல்லோரையும் பொறுமையாக விரல்விட்டு எண்ணிக் காட்டினார். பிறகு நன்றியாக ஒரு ‘டாங்கே’ சொல்லிவிட்டு இருவரும் ரயிலில் வந்தார்கள். எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து மணலில் எங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில், மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளாக ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போனவன் நான். பாதி உடம்பு சீட்டில், மீதி அந்தரத்தில். கூடவே ஆபீஸ் போகும் சிநேகிதர்கள் ஜோசப்பும் தனசேகரும் என் தலையைப் பார்த்ததுமே நகர்ந்துகொள்வார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பல வருஷம் கழித்து ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தபோது, அந்த இருவரையும் பார்த்தே தீருவது என்று குடும்பத்தோடு கிளம்பினேன். ஜோசப் அப்போது சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் இருந்தான், தனசேகர் சதுரங்கப்பட்டினத்தில். நாங்கள் தங்கியிருந்த தாம்பரத்துப் பக்கம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வேன் பிடித்தோம்.

கோவளத்தில் ஜோசப் எனக்கு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான். தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்திருந்தான். எனக்கென்று காரமில்லாமல் தனியாக ஒரு மீன் குழம்பு வேறு. “வெயில் உங்களுக்கு ஒத்துக்காதுங்க” என்று ஃபேனை என் பக்கம் திருப்பினான். முதுகில் ஒரு குத்து விடாமல் என்னோடு பேசத் தெரியாதவன் அவன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழம்பைச் சாப்பிட முடியாமல்தான் கலங்குகிறேன் என்று நினைத்து மனைவி தன் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

ஜோசப் குடும்பமும் வேனில் ஏறிக்கொண்டது. முன் சீட்டில் துண்டு விரித்து என்னை உட்கார வைத்தார்கள். மாமல்லபுரத்தில் எல்லோரும் பாறை நிழலில் படுத்துப் புரள, எனக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு ஸ்டூல் வந்தது. சதுரங்கப்பட்டினத்தில் தனசேகர் தன் பங்குக்கு எனக்கு மாலையே போட்டுவிட்டான். நான் செத்துப்போனவன் மாதிரி இருப்பதாக என் பெரிய பெண் ஜெர்மனில் சொன்னாள். நல்லவேளை, யாருக்கும் புரியவில்லை.

திரும்பும்போது தனசேகர் வீடே வேனில் ஏறியது. நிறைமாத கர்ப்பிணியான அவன் தங்கையை, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பக்கம் என்று, தாம்பரத்தில் மாமியார் வீட்டில் விடவேண்டுமாம். பின்னால் ஆள்மேல் ஆள். அந்தப் பெண் படியருகில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன் சீட்டிலிருந்து நான் எழுந்திருக்கலாமா, எழுந்தால் அதற்கும் பதறுவார்களா என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

பின் சீட்டிலிருந்து முதுகில் ஒரு குத்து விழுந்தது.

“மச்சான், இன்னாடா துரை மாதிரி குந்திக்கினு கீறே? எந்திரிச்சு இன்ஜின் மேல குந்து. பொண்ணு உக்காரட்டும்” என்றான் ஜோசப்.

துண்டை மாலையோடு சேர்த்து ஓரமாக எறிந்துவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்தேன். அதில் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார முடியும். என் சின்னப் பெண் எனக்கு சீட் பெல்ட் எங்கே என்று தேடினாள். எதிரே எல்லா முகங்களும் சிரித்துக்கொண்டிருந்தன, அவற்றுக்குப் பின்னால் கடல் சிறுத்துக்கொண்டே போனது. வேன் தாம்பரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் தாம்பரம் முதுகுப் பக்கம் இருந்தது. இன்ஜின் சூடு பேன்ட்டைத் தாண்டிச் சுட்டது. வீடு வரும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை.