ஆறாம் நாள் பிள்ளைகள்

ஞானஜோதிக்கு ரெசிடென்சி கிடைத்திருக்கிறது என்று கேட்டதும், அவள் பெங்களூருக்குப் போய்த் தங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பெட்டி வேண்டுமா என்றுகூடக் கேட்டேன். அவள் எங்கேயும் போகவில்லை. புதன்கிழமை மத்தியானமும் சனிக்கிழமை காலையும் தோட்டத்திலிருந்து ஜீப் பிடித்து, சித்திரபுரத்தில் எங்கள் கரண்ட் போர்டு குவார்ட்டர்சுக்கு வந்தாள். அவள் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் நெட் நிற்காது. என் வீட்டு ஜன்னலோரம் நன்றாக நிற்கும். என் தையல் மெஷினை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் லேப்டாப்பை வைத்து எட்டு மாதம் உட்கார்ந்தாள். நான் மூலையில் ஜாக்கெட் வெட்டிக்கொண்டே, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கல்விக் கொள்கை கேட்டேன்.

அது என்ன வேலை என்று மத்தியாஸ், என் வீட்டுக்காரர், ஒரு நாள் கேட்டார். பள்ளிக்கூட வேலையில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தவர்களை ஒரு தொண்டு நிறுவனம் பொறுக்கி எடுக்குமாம். செய்கிற வேலையை விடவேண்டாம், வீட்டை விடவேண்டாம், வாரத்தில் பத்து மணி நேரம் கொடுத்தால் போதும். கடைசியில் தன் அனுபவத்திலிருந்து ஒரு கொள்கைக் குறிப்பு எழுதி, பெரிய ஆட்கள் முன்னால் வாசிக்க வேண்டும். அந்தக் குறிப்பு அரசாங்கத்துக்குப் போகும். "நாப்பத்தஞ்சு வயசுல பரீட்சையா?" என்று சிரித்தார் மத்தியாஸ். ஞானஜோதிக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி மட்டும் சிவக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நானும் அவளும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவு. என் அப்பாவும் அவள் அப்பாவும் ஒன்றாகத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போனவர்கள். எட்டாவதோடு நான் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போனேன். அவள் விடாமல் படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, எங்கள் தோட்டத்து டிவிஷன் தமிழ்ப் பள்ளிக்கே தற்காலிக டீச்சராக வந்தாள். ஒன்று முதல் நான்கு வரை, ஒரே ஹால், நடுவில் இரண்டு தட்டி. தலைமையாசிரியர் அமிர்தநாதன் சார், இவள் என்று இரண்டே பேர். பத்தொன்பது வருஷம் அந்தத் தற்காலிகம் தற்காலிகமாகவே ஓடிற்று. பிறகு ஒரு சின்ன டிரஸ்டில் சேர்ந்து, லயங்களில் மாலை வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

ரெசிடென்சியில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பெண் தமிழ்ப்ரியா. கிழக்குப் பாலக்காட்டுத் தென்னந்தோப்பு வீட்டிலிருந்து பேசும் முப்பது வயதுப் பெண். கேரளத்துத் தமிழர் என்பதைத் தவிர எங்களுக்கும் அவளுக்கும் பேச்சில் ஒன்றும் பொருந்தாது. அவள் பேசினால் மரியாதை சொட்டும். பின்னால் கோழி கத்தும்.

நாலாவது மாதம், ஒரு சனிக்கிழமை, அந்தப் பெண் திரையில் ஒரு படம் காட்டினாள். எங்கள் பள்ளியில் வருஷா வருஷம் எத்தனை பிள்ளைகள் என்று கோடு போட்ட படம். இருபத்துமூன்று என்று நேராக வந்த கோடு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரே வருஷத்தில் ஒன்பதுக்கு விழுந்து அங்கேயே கிடந்தது.

"ஏனுங்க டீச்சர், இந்த வருசத்துல என்னாச்சுங்? பதினாலு கொழந்தைங்க எங்க போனாங்க?"

 நான் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டேன்.

"இங்க ஆபீசுல எல்லாரும் என்ன சொல்றாங்கன்னா, தோட்டத்துக்காரங்க படிப்ப நிறுத்திப்போட்டு வேலைக்கு அனுப்பியிருப்பாங்கன்னு. அதுனால, மிச்சமிருக்கற ஒம்பது பேரையும் டவுன்ல ஒரு ஹாஸ்டல்ல சேர்த்தீட்டு, இந்தப் பள்ளிக்கூடத்த இன்னொன்னோட சேர்த்துப் போடலாம்னு எழுதலாங்கறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர்."

"அடுத்த வாரம் சொல்லுதேன்மா," என்றாள் ஞானஜோதி. லேப்டாப்பை மூடும்போது மூக்கு சிவந்திருந்தது.

அந்தப் பதினான்கு பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர்கள் எங்கேயும் போகவில்லை. ஏற்கெனவே போடியிலும் தேனியிலும் தென்காசியிலும்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கு வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வருவார்கள்.

கேரளத்தில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலையெண்ணிக்கை எடுப்பார்கள். அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் பெஞ்சில் இருக்கிறார்களோ அதுதான் அந்த வருஷத்துக்குக் கணக்கு. குறைந்தால் டீச்சர் வேலை போகும், பிறகு பள்ளியே போகும். எங்கள் ஊரிலோ நான்காவதுக்கு மேல் தமிழில் படிக்க நடக்கிற தூரத்தில் ஒன்றும் கிடையாது. எப்படியும் அனுப்பத்தானே போகிறோம் என்று, மலைக்குக் கீழே அக்கா வீடு, சித்தி வீடு இருப்பவர்கள் முதலிலேயே அனுப்பிவிடுவார்கள். ஆனால் பெயரை மட்டும் எங்கள் பள்ளியில் எடுக்காமல் வைத்திருப்போம். அமிர்தநாதன் சார் வீடு வீடாக வந்து கேட்பார். "ஒரு நா மட்டும் கூட்டிட்டு வாங்கம்மா. இருக்கிற பிள்ளைகளுக்காக." அவர் கேட்டு யாரும் மறுத்ததில்லை. அவர் அவ்வளவு நல்ல மனிதர்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் போடிமெட்டு வழியாக இரண்டு ஜீப் நிறைய பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். ஜூன் மழையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெடவெடவென்று நடுங்குவார்கள். லயம் முழுக்க அன்றைக்குக் கறி வாசம்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆள் குறையும். தாய்மார்கள் எல்லாம் லீவு சொல்லியிருப்பார்கள். சூப்பர்வைசர் அழகுமலை, "என்ன, இன்னைக்கு ஆறாம் நாளா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார். பள்ளியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அது நிறைய நீல டிரவுசரும் வெள்ளைச் சட்டையும். ஞானஜோதி துவைத்து, தேய்த்து, ஆளுக்கொன்று எடுத்துக் கொடுப்பாள். எதுவும் யாருக்கும் அளவாக இருக்காது.

என் ஜோமோனும் அந்த ஜீப்பில் வந்தவன்தான்.

அவன் பெயர் ரெண்டாம் கிளாசில் இருந்தபோது, எண்ண வந்த ஆபீசர் அவனையே எழுப்பி, நம் முதலமைச்சர் யார் என்று கேட்டுவிட்டார். என் பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தமிழ்நாட்டு முதலமைச்சர் பெயரைச் சொன்னான். ஜன்னலுக்கு வெளியே நின்ற எங்களுக்கு உயிரே போய்விட்டது. "இங்க தமிழ் ரேடியோதான் சார் கேக்கும்," என்றார் அமிர்தநாதன் சார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். ஆபீசர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குனிந்து எண்ணிக்கையை எழுதினார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. மத்தியானம் கஞ்சியும் பயறும் சாப்பிடும்போது லயமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

பிறகு ஆதார் எண்ணைக் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளை இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்று ஆயிற்று. அந்த ஜூனில் ஜீப் வரவில்லை. படத்தில் கோடு விழுந்தது அந்த வருஷம்தான்.

அடுத்த புதன்கிழமை ஞானஜோதி வந்தபோது மழை கொட்டியது. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "சொல்லாம விட்டா நம்ம சனத்தப் புள்ளைய படிக்க வைக்காத கூட்டம்னு எழுதுவாவ. பள்ளியையும் மூடிருவாவ. சொன்னா சார் பேரு கெட்டுப்போவும். அவரு குழிக்குள்ள போயி மூணு வருசந்தான் ஆகுது. கையெழுத்துப் போட்டவ நானுந்தான்."

"பேசாம இருந்துரு. எல்லாம் முடிஞ்ச கத," என்றேன்.

"முடியலயே. ஒம்பது புள்ளைய இன்னும் அங்கதான இருக்கு."

அன்றைக்கே தமிழ்ப்ரியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.  கோழி மட்டும் கத்திற்று. கடைசியில், "இத அப்படியே எழுதுங்க டீச்சர். ஆனா பதினாலு பேரும் எங்க படிச்சாங்க, இப்ப என்ன பண்றாங்கன்னு காட்டோணுங். இல்லாட்டி ஆரும் நம்பமாட்டாங்க," என்றாள்.

ஒரு மாதம் என் வீட்டிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்தாள் ஞானஜோதி. ஒருத்தி திருநெல்வேலியில் நர்ஸ். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனி. ஒருவன் வண்டன்மேட்டில் ஏலக்காய்க் கடை. எல்லாரும் முதலில் கேட்டது அந்தத் தகரப் பெட்டியைத்தான். யாரும் பெயர் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. பதின்மூன்று பேரை எழுதி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி அன்னாளு, ஜோமோன் பேரு போட்டுக்கிடட்டுமா?"

"யார் பேர வேணும்னாலும் போடு. எம்புள்ள பேரு வேண்டாம்."

"எல்லாரும் சரின்னுட்டாவளே."

"அவங்க வீட்டுல சர்க்கார் ஜோலிக்காரன் இருக்கானா? இவருக்கு இன்னும் பதினோரு மாசம் சர்வீஸ் கிடக்கு. ஒன் பரீட்சைக்கு எங்க பொழப்பா கெடச்சுது?"

அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள். நான் சொன்னது பொய். மத்தியாஸ் இதைக் கேட்டுவிட்டு, ஒருத்தனும் என் பென்ஷனைத் தொட மாட்டான் என்று சிரித்திருந்தார். எனக்குப் பயமெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்த ஒரு கட்டத்தின் மேல்தான். எந்த வயதில் அனுப்பினார்கள் என்று ஒரு கட்டம். மற்றவர்களுக்கு ஏழு, எட்டு என்று இருந்தது. ஜோமோனுக்கு ஐந்தரை. நான் காலை ஏழு மணிக்குப் பெரட்டில் நிற்க வேண்டும். இவரோ அப்போது காண்ட்ராக்ட் ஆளாகக் கம்பி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. போடியில் அக்கா வீட்டு வாசலில் விட்டுவிட்டு, அவன் பார்க்காத நேரமாகப் பார்த்து பஸ் ஏறினேன். அதை ஒருத்தர் கட்டம் போட்டு எழுதி அரசாங்கத்துக்கு அனுப்புவதை என்னால் தாங்க முடியவில்லை.

குறிப்பை வாசிக்கும் நாள் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. ஞானஜோதி வெளிர் மஞ்சள் சேலை கட்டி வந்திருந்தாள். இரண்டு வாரமாக நாங்கள் சரியாகப் பேசவில்லை. ஆனாலும் அவள் பின்கழுத்தில் ஊக்கு விலகியிருந்ததைப் பார்த்து, போய்ச் சரியாகக் குத்திவிட்டு என் மூலைக்கு வந்து உட்கார்ந்தேன்.

திரையில் தமிழ்ப்ரியாவோடு சேர்த்து நான்கு பேர். நன்றாகத்தான் வாசித்தாள். ஆறாம் நாளைச் சொன்னாள், சாரைச் சொன்னாள், தன் கையெழுத்தையும் சொன்னாள். "இந்தப் பள்ளியை மூட வேண்டாம், இதே ஹாலில் ஏழாவது வரை தமிழ் வகுப்பு வையுங்கள், அது இருந்திருந்தால் எந்தத் தாயும் அனுப்பியிருக்க மாட்டாள்" என்று முடித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நால்வரில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, ரிட்டையர்டு அதிகாரியாம், பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சரே, குறைஞ்சது பதினாலு குட்டிகள். லிஸ்டில பதிமூணு பேரு. ஒரு ஆள் எவிடெ?"

"அவங்க வீட்டுல சம்மதம் இல்ல மேடம்."

"அப்போ அந்தக் குட்டி சத்தியமாயிட்டும் படிப்பு நிறுத்தியதா இருக்கலாம், அல்லே?"

ஞானஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் அவள் ஜெயிப்பாள். சொல்லவில்லை. நான் வேண்டாம் என்று சொன்ன ஒரு சொல்லுக்காக அந்த எட்டு மாத உழைப்பையும் விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்தேன். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். திரையில் என் முகம் பெரிதாகத் தெரிந்தது.

"அது எம்மகன் மேடம். ஜோமோன். படிப்ப நிறுத்தல. டிப்ளமா முடிச்சு கோயம்புத்தூர்ல வேலையில இருக்கான்."

"ஓ. அம்மையாணோ? எத்தன வயசில அனுப்பினது?"

"அஞ்சரை."

சொல்லிவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. தமிழ்ப்ரியா மட்டும் கண்ணைத் துடைப்பது அவளுடைய கட்டத்தில் தெரிந்தது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"பின்னே எதுக்கு அந்த ஒரு நாள் அத்தன தூரத்திலிருந்து கொண்டு வந்தது? பள்ளிக்கு வேண்டியா?"

"பள்ளிக்காகத்தான்னு எல்லார்ட்டயும் சொல்லுவோம் மேடம். சார்ட்டயும் அப்படித்தான் சொன்னேன்."  ஞானஜோதி பின்னால் கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு ஒரு நாளுதான் அவன நான் குளிப்பாட்டி, சீருடை மாட்டி, கையப் பிடிச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். பாதி வழியில கேப்பான், 'அம்மா, இந்தப் பள்ளிக்கூடத்துல நான் எத்தனாங் கிளாசு'ன்னு. மூணு வருசம் வந்தான். மொத்தம் மூணு நாளு."