பூனை என்று எழுதிய சுவர்

பேச்சுப் பயிற்சி அறை ஒன்றை ஒழுங்குசெய்து தர வேண்டும் என்று தலைமையாசிரியை என்னை அழைத்தபோது, அவர் திறந்து காட்டிய இடத்தை அறை என்று சொல்வதற்கில்லை. கால் ஒடிந்த பெஞ்சுகளும், காற்றுப் போன பந்துகளும், ஆண்டுவிழா மேடைக்கான மூங்கில் தட்டிகளும் கூரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. நான் அப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓர் உறுப்பினன். ஜவுளிக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வாசிப்பும் ஆலயமுமாக இருந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்தவன் ஆகையால், பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் அதை மறுக்க எனக்கு மனம் வருவதில்லை.

"அடுத்த வியாழக்கிழமை பாக்க வாறாங்க ஐயா. அதுக்குள்ள இது ஒரு ரூமா ஆகணும். அந்தப் பிள்ளைக்கு வேண்டித்தான்" என்றார் தலைமையாசிரியை.

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். குளச்சலில் மீன் ஏலம் எடுத்துவந்து எங்கள் தெருக்களில் விற்கும் பெண்ணின் ஒரே மகள். ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். சேர்ந்த சில நாட்களில் அவள் ஏதோ சொல்ல, சொல் தெளிவாக வராததைக் கேட்டு வகுப்பே அவளைப்போலப் பேசிக் காட்டியிருக்கிறது. அன்று மூடிய வாயை அவள் பள்ளியில் பிறகு திறக்கவில்லை. இப்போது மாவட்டத் தலைநகரிலிருந்து பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வந்து அவளைப் பார்க்க இருந்தார். பேச வைக்க இயலும் என்று அவர் கண்டால் சிறுமி இங்கேயே படிப்பாள், வாரந்தோறும் பயிற்சி உண்டு. இல்லையென்றால் விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பும்படி எழுதிவிடுவார்.

மறுநாள் காலை மீன்கூடையை என் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு, அந்தத் தாய் மீனைப் பற்றிப் பேசவே இல்லை.

"மொதலாளி, நீங்கதான் அந்த ரூமு செய்யிறியளாமே. நல்லா செய்யணும், கேட்டியளா? எம்பிள்ளைய அங்ஙன ஆஸ்டல்ல கொண்டு விட்டா அவ யாருகிட்ட என்னத்த கேப்பா? வயிறு வலிக்குன்னா யாருக்கு வெளங்கும்? வீட்டுல வாய் ஓயாது மொதலாளி. இஞ்ச வந்தாத்தான் சவம் ஊமையாப் போவுது."

அந்தச் சொற்களின் பாரத்தோடுதான் நான் வேலையைத் தொடங்கினேன். தட்டுமுட்டுச் சாமான்களை அகற்றிச் சுவருக்கு வெள்ளை அடித்த பின்பு, வெறும் அறையில் நின்று ஒருமுறை கைதட்டினேன். ஓசை நான்கு சுவரிலும் மோதித் திரும்பிவந்தது. பெரியவர்கள் பேச்சே அங்கே குழம்பியது. குழறிப் பேசும் குழந்தையின் சொல் என்னவாகும்? கடையிலிருந்து கனமான திரைத்துணி கொண்டுவந்து சன்னல்களுக்கு மாட்டினேன். தரையில் கயிற்றுப் பாய்கள் விரித்தேன். கடகடத்த மின்விசிறியைக் கழற்றி வேறொன்று போட்டோம். என் வீட்டு அலமாரிக் கண்ணாடியைப் பெயர்த்துக் கொண்டுவந்து, பாயில் அமர்ந்த பிள்ளைக்குத் தன் வாய் தெரியும் உயரத்தில் பதித்தேன். உதடும் நாக்கும் அசைவதைப் பார்த்துப் பழக அது வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

அதன் பிறகு படங்கள். ஜவுளிக்கடை வைத்துப் பழகியவனுக்கு எதையும் மடித்து உள்ளே வைக்கத் தெரியாது. எல்லாம் கண்ணில் பட வேண்டும், வந்தவர் வாய் திறப்பதற்கு முன்னால் சரக்கு அவர் முன்னே விரிந்து கிடக்க வேண்டும். அந்த முறைப்படியே சுவர் முழுவதையும் பெரிய வண்ணப் படங்களால் நிரப்பினேன். ஒவ்வொன்றின் அடியிலும் அதன் பெயரை என் கையாலேயே எழுதினேன்: பூனை, தண்ணீர், பலாப்பழம், துண்டு.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை அருகில் வந்து நின்று பார்த்தார். பக்கத்து ஊர்க்காரர், இளம் வயது. "ஐயா, நம்ம பிள்ளைகளுக்கு இது பூச்சையல்லவா? சக்கைன்னு எழுதாம பலாப்பழம்னு எழுதினா அதுகளுக்குத் தெரியுமா?" என்றார்.

"வீட்டில் எப்படியும் பேசிக்கொள்ளட்டும் அம்மா. பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதினால் ஏட்டில் உள்ள சொல்தான் இருக்க வேண்டும்" என்றேன். தலைமையாசிரியையும் அதையே சொன்னார். எழுத்து அழகாக இருக்கிறது என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

புதன்கிழமை மாலை தாய் மகளைக் கூட்டிக்கொண்டு அறையைப் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்று, "ரூமு கொள்ளாமே!" என்று மெச்சினார். பிறகு பூனைப் படத்தின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "பூனையா? பள்ளிக்கூடத்துல சேந்தா பூச்சையும் பேர மாத்திக்கிடுமோ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிறுமி மட்டும் சிரிக்காமல் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பகல் உணவுக்குப் பின் பயிற்சியாளர் வந்தார். வடமாவட்டத்தைச் சேர்ந்த பெண்மணி, எங்கள் பக்கம் மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகாதவர். முகத்தில் கனிவு இருந்தது. தாயை வெளியே இருக்கச் சொன்னார். தாய் இருந்தால் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தே விடையைத் தேடும் என்றார். தலைமையாசிரியை மட்டும் உள்ளே அமர்ந்தார். நான் வெளியேறும் நேரத்தில் சன்னல் திரையின் கம்பி ஆணியோடு பெயர்ந்து என் தோளில் விழுந்தது. வெளியே பிள்ளைகள் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தனர். வேறு வழியின்றி நானே திரையைக் கையில் பிடித்துக்கொண்டு சன்னலோரம் நிற்க வேண்டியதாயிற்று.

"நில்லுங்க சார், பரவாயில்ல. ஆனா ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எடுத்துக் கொடுத்தா அவ பேசினது எது, நீங்க பேசினது எதுன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்" என்றார் பயிற்சியாளர். பையிலிருந்து தம் பட அட்டைகளை எடுத்தவர், சுவரைப் பார்த்ததும் அவற்றைத் திரும்ப வைத்துவிட்டார். "இது இன்னும் பெருசா, அழகா இருக்கு. இதையே கேக்கறேன்."

எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

சிறுமி பாயில் அமர்ந்திருந்தாள். பயிற்சியாளர் விளையாட்டுப் பேச்சுப் பேசி அவளைச் சற்று இளக்கிய பின், பூனைப் படத்தைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டார். சிறுமி படத்தைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள்.

"பூச்ச" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் அத்தனை மாதங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த சொல். தலைமையாசிரியை நாற்காலியின் கையைப் பிடித்தார். பயிற்சியாளரோ படத்தின் அடியில் இருந்த எழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "பூச்சியா? பூச்சி எங்க இருக்கு? இது பூனை பாரு. பூ... னை" என்றார். அடுத்து டம்ளர் தண்ணீரின் படத்தைத் தொட்டார்.

"வெல்லம்."

"வெல்லமா? இனிக்குமே, அதுவா? இது தண்ணி கண்ணு." கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

வெள்ளம் என்றுதான் அவள் சொன்னாள். குடிதண்ணீரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ளகரம் அவள் நாவில் லகரமாகிவிட்டது, அவ்வளவே. இரண்டு விடையும் சரி. இரண்டும் தவறென்று ஆகிக்கொண்டிருந்தது. வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளைக்கும் அந்தத் தாயின் முகத்துக்கும் நடுவே நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிறுமி பலாப்பழப் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சீருடையின் ஓரத்தை இழுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அடுத்த படத்துக்கும் பேச்சில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. அவளுடைய துணிமணிகள் ஒரு பெட்டியில் அடுக்கப்பட்டு ஏதோ ஒரு விடுதிக் கட்டிலின் கீழே தள்ளப்படுவதை நான் கண்ணெதிரே கண்டேன்.

பேசிவிடுவது என்று நான் துணிந்த கணத்தில், பயிற்சியாளரே பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"மேடம், இப்ப நீங்க பேசலாம்" என்று தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். "தெரியாம உளர்ற பிள்ளை என் முகத்தைப் பாத்து, சரியான்னு கேக்கற மாதிரி சொல்லும். இவ உறுதியாச் சொன்னா. நான் மறுத்த பிறகுதான் அடங்கிப்போனா. இங்க பூனைக்கு வேற பேர் ஏதாவது இருக்கா?"

"பூச்சை" என்றார் தலைமையாசிரியை. அடக்கிவைத்திருந்த மூச்சோடு சேர்ந்து வந்தது அந்தச் சொல். "அது வெல்லமும் இல்ல மேடம், வெள்ளம். குடிக்கிற தண்ணிய அப்படித்தான் சொல்லுவோம்."

பயிற்சியாளர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "எங்க ஊர்ல வெள்ளம்னா மூட்டையக் கட்டிக்கிட்டு ஓடுவோம் மேடம்!" என்றவர், சிரிப்பு அடங்கியதும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவ சொன்னது சரின்னு எனக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது. அவளுக்குத் தெரியணும். இப்ப இவ மறுபடி வாய் திறக்கலேன்னா என்னால எதுவும் எழுத முடியாது."

அவர் எழுந்து சுவரிலிருந்த படங்களைக் கழற்றத் தொடங்கினார். தலைமையாசிரியையும் கைகொடுத்தார். நான் ஒருவாரமாக ஒட்டியவை சில நிமிடங்களில் தரையில் அடுக்காகின. சுவர் வெறுமையானது. பிறகு அவர் சிறுமிக்கு ஒரு கடலைமிட்டாய் கொடுத்தார். தாமும் ஒன்று தின்றார். தலைமையாசிரியையிடம் டம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொல்லி, சிறுமிக்குத் தெரியும்படியும் எட்டாதபடியும் அறை மூலையிலிருந்த அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "எனக்கு வெள்ளம் வேணும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லி, தம்முடைய பாட்டிலிலிருந்து குடித்தார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் சிறுமி தலையை உயர்த்தினாள்.

அதன்பின் பயிற்சியாளர் எதுவும் பேசவில்லை. காத்திருந்தார். சிறுமி மிட்டாயைக் கடித்து விழுங்கினாள். டம்ளரைப் பார்த்தாள். உதட்டை நக்கினாள். மறுபடி டம்ளரைப் பார்த்தாள். ஒரு குழந்தை தாகத்தோடு தண்ணீரைப் பார்க்க, மூன்று பெரியவர்கள் சும்மா இருப்பதென்பது எங்கள் ஊரில் நடக்காத காரியம். கேட்க வைப்பதே குறை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். என் கால் என்னை அறியாமல் அலமாரிப் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தது. திரை விலகி வெயில் உள்ளே விழுந்தது. பயிற்சியாளர் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தினார். நான் பின்வாங்கித் திரையை இழுத்துப் பிடித்தேன். என் வாழ்நாளில் அதற்கு முன்பு எதையும் கொடுக்காமல் இருப்பதற்கு நான் அவ்வளவு பாடுபட்டதில்லை.

சிறுமி எழுந்தாள். அலமாரியின் அருகே போனாள். கை எட்டவில்லை. திரும்பி எங்கள் மூவரையும் பார்த்தாள். வாயிலிருந்து சீருடையின் ஓரம் நழுவி விழுந்தது.

"வெல்லம் தா" என்றாள். பிறகு, எங்களுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாள் போலும், சற்று அதட்டலாக, "வெல்லம்!" என்றாள்.

"இந்தா, வெள்ளம்" என்று பயிற்சியாளர் உடனே எடுத்துக் கொடுத்தார். அவள் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பிறகு தரையில் கிடந்த அடுக்கிலிருந்து ஒரு படத்தை அவளாகவே உருவி, பயிற்சியாளரின் மடியில் போட்டு, "பூச்ச" என்றாள்.

"ஆமா. பூச்சைதான்."

மேலும் அரைமணி நேரம் அவர்கள் பேசினார்கள். நான் திரையைப் பிடித்தபடியே நின்றேன்.

வராந்தாவில் தாய் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் மூவர் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வருஷம் இங்கயே படிக்கட்டும். நான் வாரா வாரம் வர்றேன். சில எழுத்து இன்னும் வரல, அதுக்கு நாளாகும். வருஷக் கடைசியில மறுபடி பாத்துத்தான் மேல சொல்ல முடியும்" என்றார் பயிற்சியாளர்.

"அப்போ ஆஸ்டலுக்கு எழுத மாட்டியளா?"

"இப்ப எழுதல."

"பெறவு எழுதுவியளோ?"

பயிற்சியாளர் பொய்யான உறுதி எதுவும் தரவில்லை. "அவ எவ்வளவு பேசுறாளோ, அதைப் பொறுத்துதான்மா" என்றார்.

தாய் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏட்டி, கேட்டியா? இனி டீச்சருக்குக் காது வலிக்க வலிக்கப் பேசணும். இல்லேன்னா இருக்கு ஒனக்கு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலைமையாசிரியை பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கொண்டு விடணும் டீச்சரே? இவளுக்கு இனி தனி நேரமோ?"

"மத்த பிள்ளைகள் வாற நேரத்துக்குத்தான்" என்றார் தலைமையாசிரியை.