ஒரு பாட்டில் தண்ணீர்

மரக்காணம் உப்பளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டப் போன கொத்தனார் நான். அங்கே உப்பு வாரும் அம்மா ஒருவர் இருந்தார். புடவைக்கு மேல் ஆண்சட்டை, வெடித்த பாதங்கள், கணீரென்ற குரல். வெயிலில் நாக்கு வறண்டால் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவார். ஒரு வாய்கூட விழுங்க மாட்டார்.

"ஏம்மா, குடிக்காம துப்புறீங்க?" என்று கேட்டேன்.

"குடிச்சா எங்கங்க போறது? சுத்தி வெட்டவெளி, ஆம்பளைங்க வேற. இருபது வருசமா இப்டித்தான். நீர்க்கடுப்பு கூடவே குடியிருக்குது."

கதவு மாட்டி முடித்த அன்று காலை, அவர் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். மற்ற பெண்கள் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"வருதாக்கா?" என்றாள் ஒருத்தி.

"இருடி, அவசரப்படாத!"

அரைமணி கழித்துத் திடீரென எழுந்தவர், சட்டை பறக்க ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் வெளியே ஒரே கூச்சல், சிரிப்பு.

கதவைத் திறந்து வந்தவர் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினார்: "ஏய், இன்னொரு பாட்டில் குடுங்கடி!"

நான் கட்டிய வீடுகளின் கிரகப்பிரவேசங்கள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். எந்த வீட்டுக்காரரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.