குறுக்கே பேசாத பிள்ளைகள்

கொரியாவின் மாசான் துறைமுகத்திலிருந்து மீன்வாடை ஏறிவரும் தெருவில், மூன்றாம் மாடியில் இருந்தது அந்த ஆங்கில டியூஷன் சென்டர். தோ கும்ஹீ டீச்சர் இளம்வயதில் அங்கே வந்தவள், தலை நரைக்கும்வரை இலக்கணம்தான் சொல்லிக்கொடுத்தாள். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், நிரப்பு என்று அவள் கை தட்டத் தட்டப் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். அதைத் தவிர வகுப்பில் வேறு சத்தம் கிடையாது. கண்டிப்புக்காரி என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். பிள்ளைகளுக்கு அவள்மேல் உயிர்.

பள்ளிக்கூடத் தேர்வு மாறியபோதுதான் வினை வந்தது. இப்போது பேச்சுமொழிக்கும் மார்க். பேசும் வாய்ப்பு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எங்கே தயக்கம், எங்கே ஆமோதிக்கும் ஒலி, எங்கே குறுக்கீடு என்று கேட்கிறார்கள். அதற்காகக் கனடாவில் படித்துத் திரும்பிய ஓர் இளைஞனைச் சென்டர் தலைவர் பியோ கூட்டிவந்தார்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு வகுப்பு எடுங்க டீச்சர். அம்மாமார் பின்னால உக்காந்து பார்ப்பாங்க. யார் வேணும்னு அவங்களே சொல்லட்டும். என் கையில ஒண்ணுமில்ல" என்றார்.

இந்த வயதில் வேறெந்த சென்டர் அவளைச் சேர்க்கும்? அவள் ஒரு வழி யோசித்தாள். தான் ஞாயிற்றுக்கிழமை மலையேறிய கதையை ஆங்கிலத்தில் சொல்வது, பாதியில் தான்பி என்ற மாணவி குறுக்கே புகுந்து கேள்வி கேட்பது. குறுக்கீடு என்றால் என்னவென்று அம்மாமார் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஒத்திகையில் தான்பி சிரித்துக்கொண்டே சொன்னாள். "உங்க பேச்ச வெட்டினா கை நடுங்குது டீச்சர்."

"கை நடுங்கினா நடுங்கட்டும். வாய் திறந்தாப் போதும்."

"வீட்ல இவ அவங்க அப்பாவையே பேச விடமாட்டா டீச்சர்!" என்றான் பின்பெஞ்சுப் பையன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நாள் வந்தது. அம்மாமார் காகிதக் கோப்பையில் காப்பியோடு பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். கும்ஹீ மலைக்குப் போன கதையைத் தொடங்கினாள். ஆங்கிலம் அழகாகத்தான் வந்தது. பேசிவைத்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். தான்பி வாயைத் திறந்தாள். ஒருமுறை திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். கும்ஹீ இன்னும் மெதுவாகப் பேசி இடம் விட்டாள். அந்தப் பின்பெஞ்சுப் பையனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். மழை பிடித்தது, பஸ் தவறியது, நூடுல்ஸ் தின்றது என்று கதை முழுவதும் தீர்ந்துபோயிற்று.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல டீச்சர்" என்றார்கள் எல்லோரும், ஒரே குரலில், தலை குனிந்து.

"எவ்வளவு மரியாதை பாத்தீங்களா!" என்று பின்னால் தான்பி அம்மா உருகிப்போனாள்.

அடுத்து அந்த இளைஞன் வந்தான். "நான் டீச்சர் இல்ல, டோனி. பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்றான். அவ்வளவுதான். டோனி, டோனி என்று பிள்ளைகள் அவன்மேல் விழுந்து கத்தினார்கள். அவனை ஒரு வாக்கியம் முடிக்க விடவில்லை. தான்பியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ஒரு தாயும் முகம் சுளிக்கவில்லை. இங்கிலீஷ் பேர் வைத்தவனிடம் என்ன மரியாதைக் குறைவு?

எல்லோருக்கும் டோனிதான் வேண்டுமாம். பியோ தலைவர் முகத்தைச் சங்கடமாக வைத்துக்கொண்டார்.

"நீங்களும் ஒரு இங்கிலீஷ் பேர் வச்சுக்கங்க டீச்சர். ஜேனோ, சூசனோ. பிள்ளைங்க அப்படிக் கூப்பிட்டுப் பழகட்டும். இன்னொரு வகுப்பு வச்சு அம்மாமார்கிட்ட நான் பேசிப் பாக்குறேன்."

கதவுக்கு வெளியே தான்பி அழுத கண்ணோடு நின்றாள். "மன்னிச்சிடுங்க டீச்சர். எனக்கு வாய் வரல."

"அவர்கிட்ட வந்துச்சே கண்ணு?"

"அவர் டோனி. நீங்க டீச்சர்."

கும்ஹீக்குக் கோபப்படக்கூட இடமில்லை. "சரி, என்னை ஜேன்னு கூப்பிடு பாப்போம்."

தான்பி இரண்டு கையையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உதடு துடித்தது, பெயர் வரவில்லை. காத்திருந்த அந்த நேரத்தில் கும்ஹீக்கு உள்ளே பயம் பிடித்தது, எங்கே கூப்பிட்டுவிடுவாளோ என்று.

"வேணாம்மா, விடு. வேன் போயிடும், ஓடு."

பிள்ளை படியிறங்கும் சத்தம் ஓயும்வரை நின்றாள். பிறகு தலைவர் அறைக்கதவைத் தட்டி, தன்னைவிடச் சிறியவரான அவருக்கு இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

"எனக்கு ஒரு பேர் போதும் தலைவரே. நாளையிலேர்ந்து வரல" என்றாள்.

இன்னும் ஒரு வாரம் யோசிக்கும்படி சொல்ல அவர் வாயெடுத்தார். அவள் இன்னும் பேசி முடிக்காதது போலிருந்ததால், குறுக்கே பேசாமல் இருந்துவிட்டார்.