பல்வலிக்கு இரண்டு நொடி

டில்லி வாக்ஸ்மன் அம்மாளுக்கு ஜோக் புரியாது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. சிலருக்கு நீச்சல் வராது, அவருக்கு இது வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து இரண்டு செப்டம்பரிலிருந்து அடுத்த ஜூன் வரை, எங்கள் சனிக்கிழமை தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் ஒவ்வொரு ஜோக்குக்கும் ஜனங்கள் எத்தனை நொடி சிரிப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

அப்போது எல்லாமே நேரடி ஒளிபரப்பு. சரியாக எட்டு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு முடித்தாக வேண்டும். கடைசி ஒரு நிமிடம் துணி சோப்புக் கம்பெனியின் விளம்பரத்துக்கு. நாங்கள் சாப்பிட்டதே அவர்கள் புண்ணியத்தில்தான். மதிய ஒத்திகையில் பார்வையாளர்கள் கிடையாது. ராத்திரி அவர்கள் சிரிக்கப்போகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஆட்டமும் பாட்டும் நீண்டு, ஒன்பது அடித்ததும் சோப்பின் தலையில் கத்தி விழும்.

டில்லி அதற்கு முன் ஏழாவது அவென்யூவில் ஒரு கவுன் தொழிற்சாலையில், ஒரு காலர் தைக்க எத்தனை நொடி என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அங்கே தையல் பெண்கள் யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்களாம். எங்களிடம் வந்த முதல் இருபத்து நான்கு வாரத்தில் அவர் கணக்கு பத்து நொடிக்கு மேல் பிசகியதே இல்லை. எழுத்தாளர்கள் ஆறு பேர், ஒரு வசனத்துக்காக சட்டையைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்கள், ஒத்திகையைப் பார்த்து அவர் "நாலு" என்று எழுதினால் வாயை மூடிக்கொள்வார்கள். சனிக்கிழமை நாலுதான் வரும்.

எனக்கு இது மண்டையைக் குடைந்தது. ஏனென்றால் சாப்பாட்டு நேரத்தில் அவர் என்னிடம்தான் சந்தேகம் கேட்பார். எங்கள் நாயகன் பட்ஜி ஃபென்டன் ஒரு தடவை தொப்பி மாட்டும் கம்பத்துக்குக் கை கொடுத்து நலம் விசாரித்தான். அவன் ஏன் அப்படிச் செய்கிறான் என்றார். கண் சரியாகத் தெரியாதவன், அதுதான் ஜோக் என்றேன். "கண்ணாடி வாங்கிப் போட்டுக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தார். அந்தக் காட்சிக்கு அவர் எழுதியிருந்தது ஏழு. ராத்திரி ஏழேதான் வந்தது.

நான் நுன்சியோ. மைக் பிடிக்கிறவன். சக்கரம் வைத்த மேடைமேல் நின்று, நீண்ட கம்பத்தின் நுனியில் தொங்கும் மைக்கை நடிகர்களின் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்துவது வேலை. கம்பம் நீளம் என்பதால் என் தோள் ஒரு அங்குலம் குலுங்கினால் நுனி ஒரு அடி ஆடும். நானோ சிரிப்புக்குப் பிறந்தவன். இருபத்து நான்காவது வாரம், ஒளிபரப்பின் நடுவே நான் குலுங்க, மைக் தாழ்ந்து அதன் நிழல் பட்ஜியின் நெற்றியில் பொத்தென்று விழுந்தது. நாடே பார்த்தது. இயக்குநர் ஓர்லோஃப் என்னைக் கூப்பிட்டுத் தாளித்துவிட்டார். இன்னொரு தடவை நிழல் விழுந்தால் கப்பல் துறைக்கு மூட்டை தூக்கப் போகலாம் என்றார்.

அன்றிலிருந்து துணி மாட்டும் மர கிளிப் ஒன்றைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டேன். பழக்கம் வரட்டும் என்று ஒத்திகையிலும் கடித்தேன். சிரிப்பு நின்றது. கம்பம் கல்லாக நின்றது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அடுத்த வாரம் டில்லியின் கணக்கு சரிந்தது. ஜோக்குக்கு ஜோக் ஒன்று, இரண்டு, பூஜ்யம் என்று எழுதினார். நேரம் மிஞ்சுகிறதே என்று ஓர்லோஃப் ஒரு பாட்டைச் சேர்த்தார். ராத்திரி ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சோப்பு பாதியில் அறுந்தது. அதற்கடுத்த வாரமும் அதே கதை. யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. எழுத்தாளர்கள், தாங்கள் எழுதியது மட்டமா அல்லது இவருக்குக் கிறுக்குப் பிடித்ததா என்று இரு கட்சியாகப் பிரிந்தார்கள். டில்லி நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை எதற்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஒரு நாள் ஒத்திகை நடுவே என் மேடைக்குக் கீழே வந்து அண்ணாந்து கேட்டார். "நுன்சியோ, வாயில என்ன, பல்வலியா?"

ஓர்லோஃபிடம் திட்டு வாங்கியதை ஒரு பெண்பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். மறுநாள் கிராம்புத் தைலம் வந்தது. அடுத்த வாரம் பிராங்க்ஸில் பல் வைத்தியம் பார்க்கும் அவர் மைத்துனரின் முகவரி வந்தது. வாரம் தவறாமல் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இப்படியும் ஒரு கரிசனமா என்று நான் உருகினேன். மடையன்.

மே மாதம் சோப்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மீதி நிகழ்ச்சிகளில் இன்னொரு முறை விளம்பரம் அறுந்தால் அடுத்த பருவத்தில் டில்லிக்கு இடமில்லை என்று ஓர்லோஃப் எல்லார் முன்னாலும் சொன்னார். தொழிற்சாலைக்குத் திரும்பிப் போனால் மறுபடி தனியாகத்தான் சாப்பிட வேண்டும் என்று டில்லி என்னிடம் சொன்னார். முப்பத்து எட்டாவது வாரம் வரை இழுத்துப் பிடித்தார். முப்பத்து ஒன்பதாவது, பருவத்தின் கடைசி நிகழ்ச்சியில், நாற்பது நொடி அறுந்தது.

திங்கட்கிழமை சாமான்களை அட்டைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு விடைபெற வந்தார். நான் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பல்லு சரியாச்சா?" என்றார்.

இன்னுமா பல் என்று எனக்கு எரிச்சலே வந்தது. "என் பல்லுமேல உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை, மிஸஸ் வாக்ஸ்மன்?"

அவர் நோட்டைத் திறந்து காட்டினார். பக்கத்துக்கு மூன்று பத்தி. முதல் பத்தியில் ஜோக். கடைசியில் நொடி. நடுப்பத்தியின் தலையில் என் பெயர்.

"எழுதினவங்க தங்க ஜோக்குக்கே சிரிப்பாங்க. ஆபீஸ் பொண்ணுங்க பட்ஜி பாக்கறானேன்னு சிரிப்பாங்க. நீ மேல நிக்கிற, உன்னை யாரும் பாக்கறதில்ல. உன் கம்பு ஆடினா அது நெசம். ஆட்டத்தை எண்ணித்தான் எழுதுவேன். அப்புறம் உனக்குப் பல்லுவலி வந்துடுச்சு. ஜோக்கு செத்துப்போச்சா, பல்லுதான் வலிக்குதா, ஒண்ணும் புரியல. பல்லுக்குன்னு எல்லாத்துலயும் ரெண்டு நொடி சேத்துப் போட்டேன். போதல."

கிளிப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். "பல்லு வலிக்கவே இல்லை. இது சிரிப்பு வராம இருக்கறதுக்கு."

அவர் கிளிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அதெல்லாம் நல்ல ஜோக்குதானா?"

"ரொம்ப நல்ல ஜோக்கு."

"ஓ" என்றார். திட்டியிருந்தால் தேவலை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் ஓர்லோஃபிடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னேன். மைக் சிரிக்கவில்லை, அதனால் கணக்கு தப்பியது என்று சோப்புக்காரர்களுக்குக் கடிதம் போடட்டுமா என்று கேட்டார். டில்லியின் இடத்துக்கு ஏற்கெனவே ஆள் பார்த்தாகிவிட்டது.

செப்டம்பரில் புதுப் பருவத்தின் முதல் நிகழ்ச்சி முடிந்த ஞாயிறு, பிராங்க்ஸில் டில்லியின் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். காலர் அளக்கத் திரும்பிவிட்டதாகச் சொன்னார். நிகழ்ச்சி பார்த்தீர்களா என்றேன்.

"பாத்தேன். எதுக்குச் சிரிக்கிறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்."

"அதான் ஜனங்க சிரிக்கிறது கேக்குதே?"

"அவங்களுக்கு டிக்கெட் ஓசி, சிரிக்காம என்ன பண்ணுவாங்க. உன்னைத்தான் காட்டவே மாட்டேங்கறாங்களே."

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை கிளிப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பட்ஜி பாத்திரம் கழுவும் காட்சியில் சிரிப்பு வந்தது, வரட்டும் என்று விட்டேன். நிழல் அவன் நெற்றியில் விழுந்து, பிராங்க்ஸ் வரை தெரியும்படி ஆடியது. ஓர்லோஃப் கத்தினார், ஏன் இப்படிச் செய்தேன் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மூட்டை தூக்க அனுப்பினால் போகிறேன் என்று இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு தபால் அட்டை வந்தது. நோட்டில் பார்த்த அதே குண்டு எழுத்து.

"பாத்திரம் கழுவியது: ஆறு நொடி. நானும் சிரித்தேன். பல்லுக்கு எதுவும் சேர்க்கவில்லை."